வாச்மேன் வேலைக்கு வந்த வயசு

மறைமலை நகர் கம்பெனி கேட்டில் உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிறது. வாச்மேன் வேலைக்கு ஐம்பது வயசுக்கு மேல் எடுக்க மாட்டார்களாம். வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் மச்சான் கோதண்டத்துக்கு அறுபது. நேற்று தலைக்கு அடித்த மை வேர்வையோடு காதோரம் வழிகிறது. துடைத்துத் துடைத்து வெள்ளைத் துண்டு கரித்துணி ஆகிவிட்டது. "வயசு?" என்கிறார் ஆபீசர். "நாப்பத்தெட்டு சார்." "பெரிய பையனுக்கு?" இந்த மடையன் யோசிக்காமல், "நாப்பது" என்கிறான். ஆபீசர் பேனா நிற்கிறது. "இன்னாய்யா, எட்டு வயசுலயே புள்ளையா?" கோதண்டம் தலையைச் சொறிகிறான், விரலெல்லாம் கறுப்பு. "அப்போ புத்தி இல்ல சார். இப்பத்தான் வந்துகீது." ஆபீசர் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதுகிறார். சிரிக்கிற ஆபீசரை நான் நம்புவதில்லை. அடுத்தது என் முறை. கோதண்டத்தின் தங்கச்சி என்னை மன்னிக்கட்டும். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.