மூன்று நாள் மாநாடு

பதினொன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே துறைத்தலைவி வந்துவிட்டார். வரச் சொல்லியிருந்தது பன்னிரண்டுக்கு.

சீக்கிரம் வருகிறவர்களை டிராவல்ஸ்காரருக்குப் பிடிக்காது. ஆனாலும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினார். பயணச்சீட்டு, விசா, ஹோட்டல் ரசீது எல்லாவற்றையும் மேசைக் கண்ணாடிமேல் பரப்பி வைத்தார்.

எல்லாம் அசல். மாநாடு மட்டும்தான் பொய்.

யோசனை மனைவியுடையது. இணையத்தில் ஒரு பக்கம் போட்டு, 'மனிதனும் மாற்றமும்' என்று எந்தத் துறைக்காரரும் நுழையக்கூடிய தலைப்பாக வைத்து, பதிவுக் கட்டணமும் போட்டது அவள்தான். ஒரே கல்லூரியிலிருந்து பன்னிரண்டு பேராசிரியர்கள் சிக்கினார்கள். வெளிநாட்டில் போய் இறங்கியதும், அரங்கத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது, மாநாடு ரத்து என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்பதாகத் திட்டம்.

துறைத்தலைவி சீட்டுகளைத் தொடவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"மாநாடு எங்க நடக்குது தம்பி?"

"நீங்க தங்குற ஹோட்டல்லயே மேடம். அலைச்சலே இல்ல."

"ஹோட்டலுக்கு நேத்து போன் பண்ணேன். அப்படி ஒண்ணும் தெரியாதுன்னாங்க."

டிராவல்ஸ்காரர் முகத்தில் ஈயாடவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் மனைவி தட்டச்சு செய்துகொண்டிருந்த சத்தம் நின்றது.

"அது... வரவேற்புல உக்காந்திருக்கிறவங்களுக்கு விவரம் பத்தாது மேடம்."

"இருக்கலாம். தலைமை உரைன்னு ஒருத்தர் படம் போட்டிருக்கீங்களே, அவர் எழுதினது எதையாவது படிக்கலாம்னு தேடினேன். ஒரு வரிகூடக் கிடைக்கல."

"அவர் எழுதறது கம்மி மேடம். பேச்சுதான்."

படத்தில் இருந்தது மனைவியின் சித்தப்பா. கோட்டு மட்டும் கணினியில் மாட்டியது.

"எங்க கட்டுரையெல்லாம் ஒரே நாள்ல தேர்வாயிடுச்சு."

"தேர்வுக் குழு ரொம்பச் சுறுசுறுப்பு மேடம்."

"நான் அனுப்பினதுல தலைப்பு மட்டும்தான் இருந்துது. மிச்சப் பக்கமெல்லாம் வெள்ளை. 'ஆழமான ஆய்வு'ன்னு பதில் வந்துது."

டிராவல்ஸ்காரர் தண்ணீர் பாட்டிலைத் தேடினார். அது கையிலேயே இருந்தது.

துறைத்தலைவி சிரித்தார். அவசரமே இல்லாத சிரிப்பு.

"காலேஜ் செலவுல போறோம் தம்பி. மத்தவங்க என்னை நம்பித்தான் பேர் கொடுத்திருக்காங்க. சரியா விசாரிக்காமக் கிளம்பினா நாளைக்கு என் தலையைத்தான் உருட்டுவாங்க."

கைபேசி ஒலித்தது. அவர் எழுந்து கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வாசலுக்குப் போனார். கதவு முழுதாகச் சாத்திக்கொள்ளவில்லை.

"ஆமா, இங்கதான் இருக்கேன்... நான் நெனச்சது சரிதான். சந்தேகமே இல்ல... இருங்க, ஒவ்வொருத்தருக்கா நானே சொல்லிடறேன்."

டிராவல்ஸ்காரர் ஒரே தாவலில் தடுப்புக்குள் போனார்.

"போச்சு. அடுத்து போலீஸ்தான்."

"மெதுவாக் கத்துங்க," என்றாள் மனைவி.

"உன் சித்தப்பாவுக்குக் கோட்டு மாட்டாதேன்னு அன்னைக்கே தலைதலையா அடிச்சுக்கிட்டேன்."

"வெள்ளைப் பக்கத்தைப் பாத்துட்டு ஆழமா இருக்குன்னு எழுதினது என் சித்தப்பாவா?"

தப்பிக்க வழி ஒன்றுதான் இருந்தது: மாநாட்டை நடத்திவிடுவது.

டிராவல்ஸ்காரர் ஹோட்டலைக் கூப்பிட்டார். அரங்கம் மூன்று நாளும் காலி. வாடகையைக் கேட்டதும் மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். வசூலான கட்டணம் மொத்தமும் அதற்கே சரியாகப் போயிற்று. பேச ஆள் வேண்டுமே என்றபோது, மேலாளர் தன் மாமனார் ஓய்வுபெற்ற பேராசிரியர் என்றார். கூலி வேண்டாம், மூன்று நாளும் அவரே பேசுவார் என்று அவரைக் கேட்காமலே வாக்குக் கொடுத்தார். குரலில் நன்றி தழுதழுத்தது.

"ஒரு பைசா மிஞ்சல," என்றாள் மனைவி.

"உள்ள போகாம இருக்கோம்ல. அதான் மிச்சம்."

அரங்க ரசீது மின்னஞ்சலில் வந்தது. அச்செடுத்துக்கொண்டு அவர் வெளியே வந்தபோது, துறைத்தலைவி பேசி முடித்துத் திரும்பியிருந்தார். மேசைமேல் இருந்த சீட்டுகளையும் ரசீதுகளையும் ஒன்றுவிடாமல் எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். ஆதாரம் சேர்க்கிறார் என்று நினைத்து டிராவல்ஸ்காரர் குறுக்கே போய் நின்றார்.

"மேடம், அவசரப்படாதீங்க. இந்தாங்க, இதைப் பாருங்க. இதே ஹோட்டல்தான். காலைல ஒம்பதுலேருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும், மூணு நாளும். பேசப்போறவர் அசல் பேராசிரியர். வேணும்னா இப்பவே போன் பண்ணிக் கேளுங்க. உங்க பன்னெண்டு பேரும் கட்டுரை படிச்சுத்தான் ஆகணும். வேளாவேளைக்கு வருகைப் பதிவு. நடுவுல ஒருத்தர்கூட எழுந்து வெளிய போக முடியாது. என்னை நம்புங்க."

துறைத்தலைவி ரசீதை வாங்கிப் படித்தார். திருப்பிப் பார்த்தார். ஹோட்டலைக் கூப்பிட்டு இரண்டே வார்த்தை கேட்டுவிட்டு வைத்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கிப்போயிற்று.

"போன வருஷம் ஒருத்தன் இப்படித்தான் ஆசை காட்டிக் கூட்டிட்டுப் போய், கடற்கரைப் பக்கம்கூட விடாம நிஜமாவே மாநாடு நடத்திக் கழுத்தறுத்துட்டான்," என்றார் அவர். "இந்தத் தடவையாவது நிம்மதியா ஊர் சுத்தலாம்னு சல்லடை போட்டுச் சலிச்சு, இவர் கண்டிப்பா ஏமாத்துக்காரர்தான்னு நம்பி வந்தேனே தம்பி, இப்படி மோசம் பண்ணலாமா?"