ஒரு புள்ளிக்காக நின்ற மோட்டார்

சித்தூருக்குக் கிழக்கே, நாற்று வயலை ஒட்டிய வீட்டில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் நின்றிருக்கிறது. அது ஓடினால் வோல்டேஜ் இறங்கி, கிருத்திகாவின் பேட்டரி செத்த லேப்டாப் அணைந்துவிடும். திரைக்குள், அவள் எழுதிய நிரலில், பத்து லட்சம் புரோட்டான்கள் ஒரு செப்புத் தகட்டின்மேல் பாய்கின்றன. அவற்றில் எத்தனை அணுக்கருக்களோடு வினைபுரிகின்றன என்று எண்ணித்தான், வினை நிகழும் வாய்ப்பைச் சொல்லும் வினைக் குறுக்குவெட்டைக் கணக்கிட வேண்டும். நாளை கல்லூரியில் காட்ட வேண்டும். மூன்று வாரமாக வரைபடத்தில் அவளுடைய புள்ளிகள், ஆய்வகத்தில் அளந்த மதிப்புகளின் கோட்டுக்குக் கீழேயே கிடந்தன. தகட்டின் தடிமனை மில்லிமீட்டருக்குப் பதில் சென்டிமீட்டரில் கொடுத்திருந்ததை இன்று காலைதான் கண்டுபிடித்தாள். ஜன்னல் வெயில் மெல்ல விசைப்பலகையில் ஏறுகிறது. வாசலில் அப்பா காளிச்சாமி, சேறு காயும் கால்களோடு நிற்கிறார். "ஆச்சா கண்ணு?" "அஞ்சே நிமிசமுங்கப்பா." மின்விசிறி மட்டும் கிறீச்சிடுகிறது. முதல் புள்ளி கோட்டின் மேலேயே வந்து உட்காருகிறது. கிருத்திகா வாயைப் பொத்திக்கொள்கிறாள். "அப்பா, மோட்டாரப் போட்டுக்குங்க. மீதியச் சாயங்காலம் பாத்துக்கறேன்." அவர் போகவில்லை. ஈரக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து திரையைப் பார்க்கிறார். "வயலு ஒரு மணி நேரம் காத்திருந்தா ஒண்ணும் ஆயிராது கண்ணு. அடுத்த புள்ளியும் விழட்டும்."