ஏழாம் நிபந்தனை

"ஏழாம் நிபந்தனையை நீக்க ஏலாது," என்றார் விக்னராஜா.

திரையில் பார்கவி கண்ணாடியைக் கழற்றினாள். சிட்னியில், செவன் ஹில்ஸ் வீட்டிலிருந்தபடியே மெல்பர்ன் கிளையையும் பார்த்துக்கொள்ளும் மேலாளர் அவள்.

முதியோர் பராமரிப்பு நிறுவனம் அது. அதன் காலாண்டிதழைத் தயாரிக்கும் வேலையை இனி வெளிக் கம்பெனியிடம் கொடுப்பதாக முடிவு. கம்பெனிகளிடம் விலைப்புள்ளி கேட்கும் ஆர்.எஃப்.பி.யை மெல்பர்னின் டண்டினொங் ஆபீசில் உட்கார்ந்து விக்னராஜா எழுதியிருந்தார்.

பார்கவி ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டுத் தானும் தமிழுக்கு மாறினாள். "அண்ணா, நீங்க எழுதினத நீங்களே படிங்க."

படித்தார். "தேர்வாகும் நிறுவனம் டண்டினொங் அலுவலகத்திலிருந்து பதினைந்து நிமிடத் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு வியாழனும் ஒரே ஆள் நேரில் வந்து, அச்சிட்ட பக்கங்களை வைத்து இரண்டு மணி நேரம் கலந்து பேச வேண்டும்."

"மூணு மாசத்துக்கு ஒரு இதழ். அதுக்கு வாராவாரம் ஒரு ஆளா? பிடிஎஃப் அனுப்பினா ஆகாதா?"

"பிழை வரும்."

"முப்பது பக்கத்துல வாராவாரம் புதுசா என்ன பிழை முளைக்கும்?"

அவர் வாய் திறக்குமுன் அறை இருண்டது. இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். வெளிச்சம் வந்தது.

"யாருக்குக் கை காட்டறீங்க? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லை. சென்சர் லைட். ஆள் அசையாமல் இருந்தால் தானா நிண்டுடும்."

பார்கவி நம்பவில்லை. "எல்லாரும் வீட்டுலேர்ந்து வேலை பாக்கறாங்க. நீங்க மட்டும் ஏன் தினமும் ஆபீஸ் போறீங்க? அங்க யார சந்திக்கறீங்க?"

"வீட்டில எனக்கு வேலை ஓடாது."

"ஒரு கம்பெனிய மனசுல வச்சு நிபந்தனை எழுதறத நான் நிறையப் பாத்திருக்கேன். இது அளவெடுத்துத் தைச்ச சட்டை அண்ணா. உங்க மச்சான் பிரஸ் வச்சிருக்காராமே?"

"அவன் பெர்த்துக்குப் போய் நாலு வருசம்."

"அப்ப வேற யாரு? என்ன தர்றேன்னாங்க?"

விக்னராஜாவுக்குக் காது சுட்டது. பதினேழு வருட வேலையில் அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"அஞ்சு மணிக்குள்ள இத நான் மேல அனுப்பணும். பேரச் சொன்னா அந்த வரிய அடிச்சுட்டு இதோட விட்டுடறேன். சொல்லலைன்னா சந்தேகம்னு எழுதித்தான் அனுப்புவேன். வேலையே போயிடும். யாருக்காக அண்ணா இது?"

அவர் திரையைப் பார்க்காமல் விசைப்பலகையைப் பார்த்துச் சொன்னார்:

"கம்பெனி ஒண்டும் இல்லைப் பிள்ளை, கிழமைக்கொருக்கா ஆரும் வந்து முன்னால இருந்து கதைக்கட்டுமெண்டு போட்டனான்."