மூன்றாவது கல்

வலது தோள் செத்துப்போயிருந்தது.

பஸ்ஸில் மூன்று மணி நேரம், படகில் ஒன்றரை. சாக்கில் சுற்றிய கல்லைக் கிழவர் மடியிலேயே வைத்திருந்தார். தீவில் இறங்கியபிறகுதான் தோளுக்கு ஏற்றினார். கோயில்வரை மணலில் கால் புதைந்தது.

ஏரி நடுவே அந்தத் தீவு முழுக்க மணல். கூழாங்கல்கூடக் கிடையாது. கோயில் கட்டிய வெள்ளைக்காரச் சாமியார், வருகிறவர்கள் ஆளுக்கொரு கல் கொண்டுவரட்டும் என்று சொல்லிவைத்தாராம். சுற்றுச்சுவர் இன்னும் அப்படித்தான் வளர்கிறது.

குவாரியில் பாறை சரிந்து கிழவர் கால் மாட்டிக்கொண்டபோது அவர் மனைவி சலேத்தம்மா நேர்ந்துகொண்ட கல் இது. கால் பிழைத்தது. கல்லைக் கொண்டுவருமுன் அவள் கண்ணை மூடிவிட்டாள்.

முப்பது வருஷம் கூடப் படுத்தவள்.

அவரே கொத்திய கல். ஆறு முகமும் மட்டம். ஒரு முகத்தில் சின்னதாகச் சிலுவை.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் மீன்பிடிக்க வலைக்குப் போயிருந்தார். அவர் வந்து செபம் சொல்லித்தான் கல்லை வாங்க வேண்டும்.

கரையோரம் சவுக்கு மரம். அதனடியில் கல்லை இறக்கி, சுற்றியிருந்த சாக்கை உருவி, நாலடி தள்ளி நிழலில் விரித்துப் படுத்தார்.

மீன் குழம்பு வாசம் எழுப்பியது.

காலையில் கூடவே படகில் வந்த பட்டணத்துப் பிள்ளைகள். குளித்த ஈரத்தோடு சமைத்திருந்தார்கள். கூப்பிட்டு ஒரு தட்டு கொடுத்தார்கள். மடவை மீன், நல்ல கொழுப்பு. இன்னொரு துண்டும் கேட்டு வாங்கினார்.

சட்டியை இறக்கிய பெண், அடுப்பில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாள்.

டப்.

மெல்லுவதை நிறுத்தினார்.

பாறையைப் பிளக்க, அதன்மேல் விடிய விடிய டயர் எரித்து, சூட்டோடு தண்ணீர் ஊற்றுவார்கள். குவாரியில் தினம் கேட்ட சத்தம்.

சவுக்கு மரத்தடியைப் பார்த்தார். கல் இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது.

அடுப்பில் இரண்டு பக்கம், சாமியாரின் இடிந்த பங்களாவிலிருந்து எடுத்த செங்கல். மூன்றாவது அவருடையது. இரண்டாகப் பிளந்திருந்தது.

"சும்மா கெடந்த கல்லுதானே தாத்தா" என்றான் ஒருவன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டுகளைக் கழுவப் போனான்.

சாயங்காலம் உபதேசியார் வந்தார். சிலுவை ஒரு துண்டில் முழுசாகத் தப்பியிருந்தது. அதையாவது சுவருக்கு வாங்கிக்கொள்ளும்படி கிழவர் கேட்டார்.

உபதேசியார் கரியைத் துடைத்து, விரலை ஓட்டிப் பார்த்தார்.

"தீ குடிச்ச கல்லு சுவத்துல நிக்காதுப்பா. ஒனக்குத் தெரியாததா?"

தெரியும். அவராக இருந்தாலும் கழித்துத்தான் போட்டிருப்பார்.

திரும்பும் படகில் அந்தப் பிள்ளைகள் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்கள். வலது தோளைத் தொட முடியவில்லை. இடது தோளை அமுக்கிப் பார்த்தார்.

சலேத்தம்மாவுக்கு ஒரு கல் பாக்கி.