கொடியணியின் மேல் பிரிவு

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் உயரமான சன்னல்களில் பனிக்கால வெளிச்சம் வெள்ளையாக நிற்கிறது. இசைக்கேற்பக் கொடியும் துப்பாக்கியும் சுழற்றிப் போட்டிகளில் ஆடும் கொடியணிப் பெண்கள் பன்னிரண்டு பேர் கொடிகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு மரத்துப்பாக்கிகளோடு விரிப்பில் ஏறுகிறார்கள். பயிற்சியாளர் லொரெய்னின் மடியில், அணியைப் போட்டியின் இன்னும் கடினமான மேல் பிரிவுக்கு மாற்றக் கேட்கும் படிவம் கிடக்கிறது. மதியத்துக்குள் அனுப்பியாக வேண்டும். “இங்கயே இருந்தா இன்னொரு கோப்பை நிச்சயம். மேல போனா கடைசி இடம்தான், பாத்துக்கோ லொரெய்ன்,” என்கிறான் துணைப் பயிற்சியாளன் டெவின். “கோப்பை வைக்க அலமாரியில இடமில்லடா.” சொல்லிவிட்டாளே தவிர, பேனாவைத் திறக்கவில்லை. மேலே போய்த் தோற்றால் இந்தப் பிள்ளைகள் அடுத்த வருஷம் வருவார்களா? இசை ஏறுகிறது. துப்பாக்கிகள் ஒன்றாக மேலே சுழல்கின்றன. பதினொன்று ஒரே சத்தமாகக் கைகளில் வந்து விழ, பிரென்னாவுடையது மட்டும் தரையில் மோதித் துள்ளுகிறது. போன மாதம்வரை, கைதவறியவள் முதலில் லொரெய்னின் முகத்தைத்தான் பார்ப்பாள். அதற்குள் இரண்டு தாளம் போய்விடும். பிரென்னா குனிகிறாள், எடுக்கிறாள், அடுத்த தாளத்திலேயே மற்றவர்களோடு சுழல்கிறாள். நெற்றி முடி வியர்வையில் ஒட்டியிருக்கிறது. பார்வை எதிர்ச்சுவரைவிட்டு அசையவில்லை. “கீழ போட்டுட்டா, பாத்தியா?” என்கிறான் டெவின். “பாத்தேன். அவதான் என்னைப் பாக்கவே இல்ல,” என்று சிரித்தபடி லொரெய்ன் கையெழுத்துப் போடுகிறாள்.