காதுக்குப் பின்னால் ஓர் எலும்பு

பதுளை ஆஸ்பத்திரி ஜன்னலோரம், காலை வெயிலில் காத்தாயி உட்கார்ந்திருக்கிறாள். நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து விடியுமுன் கிளம்பி நடந்து வந்தவள். மடியில் நாலு மாதக் கைக்குழந்தை. அது வயிற்றில் இருந்தபோதே மங்கத் தொடங்கிய அவள் காது இப்போது அடைத்தே போய்விட்டது. குழந்தை ‘உங்கு, உங்கு’ என்கிறது. அவளோ வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். டாக்டர் ஓர் இரும்புக் கவையைத் தன் முழங்காலில் தட்டி அவள் காதருகே பிடிக்கிறார். அது ரீங்கரிக்கிறது. அவள் உதட்டைப் பிதுக்குகிறாள். மறுபடி தட்டி, கவையின் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றுகிறார். அவள் கண்கள் விரிகின்றன. “வண்டு கத்துதுங்க!” வாசலில் நின்ற அவள் புருஷன் வீரபத்திரன் உள்ளே ஓடிவருகிறான். “என்னாங்கய்யா?” டாக்டர் அவனிடம் சொல்கிறார்: “பயப்படாதே. காதுக்குள்ள எள்ளு மாதிரி மூணு எலும்பு இருக்கு. சத்தம் பட்டா ஒண்ணை ஒண்ணு தட்டி உள்ளே அனுப்பும். இவளுக்குக் கடைசி எலும்பு இறுகிப்போச்சு. அதுக்கு மருந்து கிடையாது. ஆனா உள்ளே நரம்பு நல்லா இருக்கு. மண்டை எலும்பு வழியாப் போனா கேக்குது, பாரு.” வீரபத்திரன் அவள் மடியிலுள்ள குழந்தையைப் பார்க்கிறான். பிறகு குழந்தையைத் தூக்கி, அதன் நெற்றியை அவள் காதுக்குப் பின்னால் மெதுவாகப் பதிக்கிறான். ‘உங்கு’ என்கிறது குழந்தை. காத்தாயி மூச்சை அடக்கிக்கொள்கிறாள். மெல்ல அவள் தோள்கள் தளர்கின்றன; கண்ணீர் வழிகிறது. “எம்புள்ள பேசுதுங்க,” என்று சிரிக்கிறாள். பிறகு தானே குழந்தையை வாங்கி, மறுகாதுப் பக்கம் வைத்துக்கொள்கிறாள்.