மூன்று சைபர்

“ஒரு சொட்டுத் தண்ணி வரலம்மா. சைபர்னு என் கையாலதான் எழுதுனேன்.”

சங்கையா அடித்துச் சொன்னார். பாண்டிச்செல்வி இதே பதிலை மூன்றாவது தடவையாகக் கேட்கிறாள். இதற்காகத்தான் சிவகாசியை ஒட்டிய திருத்தங்கலில் பஸ் ஏறி, வெம்பக்கோட்டையைத் தாண்டி இந்த ஆற்றோரக் கிராமத்துக்கு வந்திருந்தாள்.

2050-இல் வைப்பாற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பூமி சூடாகச் சூடாக மழை நாள்கள் குறையும், பெய்தால் ஒரேயடியாகக் கொட்டும் என்றது கணக்கு. “நடந்து முடிஞ்சதையே சரியாச் சொல்லாத கணக்கு, நடக்கப்போறதை எப்படிம்மா சொல்லும்?” என்று கேட்டுவிட்டார் பேராசிரியர்.

பழைய வருஷமெல்லாம் கணக்கோடு பொருந்தி வந்தது. 1979 நவம்பரில் மூன்று நாள் மட்டும் உதைத்தது. கணக்குப்படி அந்த மூன்று நாளும் கரை கொள்ளாத வெள்ளம். ஆற்று மட்டம் குறித்த நோட்டிலோ மூன்று சைபர். திங்கட்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் நாலு வருஷ உழைப்பும் ஆற்றோடு போய்விடும், அதுவும் தண்ணீரே வராத ஆற்றோடு.

அந்த நோட்டை எழுதியவர் சங்கையா. ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிவிட்டது.

“அந்த மூணு நாள்ல நீங்க லீவு கீவு போட்டிருப்பீகளோய்யா?”

“லீவா? முப்பது வருச சர்வீஸ்ல ஒரு நாள் கிடையாது. மழைன்னாலும் இடின்னாலும் காலைல ஆறு மணிக்கு அளவுக்கல்லு முன்னால நிப்பேன். ஊர்ல ஆரை வேணும்னாலும் கேட்டுப் பாரும்மா.”

ஊருக்கு எதற்குப் போக வேண்டும்? அவர் மனைவி பொன்மணி அங்கேயே உட்கார்ந்து, பட்டாசுக் கம்பெனிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தார்.

“அம்மா, உங்களுக்கு ஞாபகம் இருக்கா? எழுபத்தொம்பது, நவம்பர் இருபத்தெட்டு.”

“இங்கிலீசுத் தேதி சொன்னா எனக்கு என்ன தெரியும்? தமிழுக்கு எத்தனைன்னு சொல்லு.”

“அவளை ஏம்மா கேக்குற? நீ டீயைக் குடி, ஆறுது” என்றார் சங்கையா அவசரமாக.

சிவகாசிக்காரிக்குக் காலண்டருக்கா பஞ்சம்? அச்சகத்தில் தேடிப் பிடித்த 1979 காலண்டரின் ஜெராக்ஸ் பையிலேயே இருந்தது. பாண்டிச்செல்வி புரட்டினாள்.

“கார்த்திகை பன்னெண்டும்மா. புதன்கிழமை.”

குழாய் உருட்டிய கை நின்றது. பொன்மணி கணவரைப் பார்த்தார். சங்கையா ஓட்டுக் கூரையில் எதையோ தேடினார்.

“அன்னைக்கு ஆத்துல வெள்ளம் வந்திருந்தாத்தான் நீ பாஸா?”

“ஆமாம்மா.”

“அப்ப நீ பாஸு” என்ற பொன்மணிக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “தண்ணி எங்க வரப்போகுதுன்னு மூணு நாளைக்கும் முன்கூட்டியே சைபர் எழுதி வச்சிட்டு அக்கரைக்கு வந்த மனுசன், ஆத்தைத் தாண்ட முடியாம அந்த மூணு நாளும் எங்கப்பா வீட்லதான் கிடந்தாரு, கழுத்துல மாப்பிள்ளை மாலையோட.”